மூளை லிம்போமாவும் ஆறாம் குரோமோசோமும்

உடலின் பிற இடங்களில் இல்லாமல் மூளையிலோ தண்டுவடத்திலோ கண்ணிலோ மட்டும் தோன்றும் லிம்போமா, அதாவது நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் எழும் புற்று, அரிய நோய். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெரிய பி செல் (எதிர்ப்பொருள் உண்டாக்கும் வெள்ளணு) வகையைச் சேர்ந்தவை. நோயியல் ஆய்வகத்தில் பணிபுரியும் எனக்கு இந்நோயில் ஆறாம் குரோமோசோமைக் காட்டிலும் முக்கியமாகத் தோன்றுவது வேறில்லை.

அதன் இரு கைகளில் (நடு இடுக்கின் இருபுறப் பகுதிகளில்) நீண்டதில் ஒரு பகுதி அறுந்துபோவது இங்கு மிக அடிக்கடி தென்படும் மாற்றங்களுள் ஒன்று. குரோமோசோமின் குறிப்பிட்ட இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஃபிஷ் பரிசோதனையில், ஒளிர் நுண்ணோக்கியின் கீழ், இயல்பான உட்கருவில் அப்பகுதிக்குரிய ஒளிப்புள்ளிகள் இரண்டு இருக்கும்; இழப்புள்ள உட்கருவில் ஒன்றுதான் மின்னும். அங்கேதான், பி செல்லை முதிரவைத்துப் பிரிவதை நிறுத்தும் பிஆர்டிஎம்1 மரபணுவும், செல்லைப் பிழைத்துப் பெருகத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி சமிக்ஞையைக் கட்டுப்படுத்தும் டிஎன்எஃப்ஏஐபி3 மரபணுவும் உள்ளன. பிரேக் இப்படிக் கழன்றிருக்கையில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் காணப்படும் எம்ஒய்டி88 மரபணுவின் ஒற்றை எழுத்துப் பிழை அதே சமிக்ஞையை இடைவிடாமல் முடுக்குகிறது.

குறுகிய கையில் நிகழும் இழப்பு வேறு விதமானது. செல்லின் உள்ளிருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே காட்டும் எச்எல்ஏ மரபணுக்கள் அங்குள்ளன; அவை போய்விட்டால், புற்றுச் செல்லை அடையாளம் காண டி செல்லுக்கு (நோயுற்ற செல்லைக் கொல்லும் வெள்ளணுவுக்கு) வழியில்லை. சிலரிடம் ஒன்பதாம் குரோமோசோமின் 9பி24 என்னும் பகுதியின் படிகள் மிகுந்து, டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதமும் கூடுகிறது. ஏற்கெனவே நோயெதிர்ப்பின் கண்காணிப்பு குறைந்த மூளைக்குள் இச்செல்கள் நிலைத்துவிடுவதற்கு இம்மாற்றங்களும் காரணம் என்றே நான் கருதுகிறேன். 2022-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு மூளை, கண், விந்தகம் ஆகிய, நோயெதிர்ப்பின் கண்காணிப்பு குறைந்த இடங்களின் பெரிய பி செல் லிம்போமாக்களை ஒரே குடையின்கீழ் வைத்திருப்பதும் இதற்கு இசைவானது.

மற்ற குரோமோசோம்களைப் பார்த்தால், மூன்றாம் குரோமோசோமில் பிசிஎல்6 மரபணு உள்ள இடத்தில் முறிவு ஒரு பகுதியினரிடம் உண்டு. 14, 18 ஆகிய குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வது இந்நோயில் அரிது.

இவற்றையெல்லாம் காண நமக்குக் கிடைப்பது ஊசியில் வரும் நூலளவுத் திசு மட்டுமே. வீக்கம் குறைய வேண்டுமென்று பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் லிம்போமா செல்கள் கரைந்துபோய், ஸ்லைடில் சிதைந்த செல்களும் அவற்றை விழுங்கிய மேக்ரோஃபேஜ்களுமே எஞ்சும். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுங்கள் என்று மருத்துவ நண்பர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பயாப்சியே இயலாதவர்களிடம், தண்டுவட நீரில் மிதக்கும் டிஎன்ஏவில் எம்ஒய்டி88 பிழையைத் தேடிப் பார்க்கலாம்.