609-ஆம் ஸ்குவாட்ரன் டைஃபூன்: வால் முடிந்தது, பட்டை வேண்டாம்

மூன்று வாரமாக மேசையில் இருக்கும் டைஃபூன் மாடல் இப்போதுதான் விமானமாகத் தெரிகிறது. டைஃபூன், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம். 72-ல் ஒரு பங்கு அளவு, இறக்கை முனைக்கு முனை பதினேழரை செ.மீ.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, இணைப்புக் கோட்டில் புட்டி (இடைவெளி நிரப்பும் பசை) வைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்த வேகத்தில், வாலுக்குச் சற்று முன்னால் உடலைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னத் தகடுகளில் மேலே இருந்த நான்கு போயே போய்விட்டன. வெறும் அலங்காரமாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் தொடக்கக் கால டைஃபூன்கள் சில, பறக்கும்போதே வால் பிய்ந்து விழுந்து விமானிகளைக் கொன்றவை. அதற்காகத்தான் வால் உடலோடு சேரும் இணைப்பைச் சுற்றி 20 தகடுகளை ரிவெட் அடித்தார்கள். அலுமினிய டேப்பைக் கடுகளவு வெட்டி, ஊசி முனையால் எடுத்து, நான்கையும் திரும்ப ஒட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போனது.

609 யார்க்‌ஷயரில் 1936-ல் தொடங்கிய ஸ்குவாட்ரன், அதாவது பிரிட்டிஷ் விமானப் படைப் பிரிவு. 1940-ல் ஸ்பிட்ஃபயரில் சண்டையிட்டார்கள், 1942-ல் டைஃபூனுக்கு மாறினார்கள், 1944-ல் இறக்கைக்கு நான்காக எட்டு ராக்கெட் வந்தது. பெல்ஜிய விமானிகள் நிறையப் பேர் இதில் பறந்தார்கள். காக்பிட்டுக்குள் கார்பன் மோனாக்ஸைடு கசியும் என்பதால், எஞ்சினைக் கிளப்பும்போதே ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக்கொள்வார்கள். என் குட்டி விமானிக்கும் முகமூடி வரைந்துவிட்டேன்.

அப்புறம் பட்டை. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் தரையிறங்கியபோது, தங்கள் விமானம் என்று அடையாளம் தெரிய இறக்கையிலும் உடலிலும் பட்டை பூசியிருந்தார்கள். நார்மண்டி என்றாலே கறுப்பு வெள்ளைப் பட்டைதானே என்று மாஸ்கிங் டேப்பை வெட்ட ஆரம்பித்தேன். அசல் விமானத்தில் ஒரு பட்டை 18 அங்குலம், நம் அளவில் 6.35 மி.மீ. இடது இறக்கையில் ஒட்டியும் முடித்தாயிற்று. அப்போதுதான் தேதி உறைத்தது. நான் செய்ய நினைத்தது 1944 ஜூன் 2-ல் பறந்த விமானம். அன்று 609-உம் 198-ஆம் ஸ்குவாட்ரனும் சேர்ந்து பிரான்ஸ் கடற்கரையில் தியெப் அருகே கோதகோத்தில் இருந்த ஜெர்மன் ராடார் நிலையத்தின் மீது 104 ராக்கெட்டுகளை விட்டன. கடலில் வரும் படையை அந்த ராடார் பார்த்துவிடக் கூடாது. பட்டை பூசத் தொடங்கியதோ ஜூன் 3-ல்தான்!

டேப்பையெல்லாம் உரித்துவிட்டேன். அடிப்பக்கம் வெறும் சாம்பல் நிறமாகவே இருக்கட்டும். அடுத்த வாரம் பக்கவாட்டில் 609-இன் அடையாள எழுத்தான PR டீகால் (ஒட்டுப்படம்), பிறகு எட்டு ராக்கெட்டுகள்.