கான்ஃபிக்கர் எங்கள் வீட்டுக் கணினியை விட்டுப் போனது எப்படி

கூகுள் திறக்கிறது, செய்தித் தளங்கள் திறக்கின்றன, மைக்ரோசாஃப்ட் தளம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது என்றால், கோளாறு இணைய இணைப்பில் இல்லை. 2009 மார்ச்சில் எங்கள் வீட்டு எக்ஸ்பி கணினியில் இப்படித்தான் ஆனது. ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளமும் திறக்கவில்லை. நடுநடுவே ‘ஜெனரிக் ஹோஸ்ட் பிராசஸ்’ என்று தொடங்கும் பிழைச் செய்தி ஒன்று வரும். அதை மூடியதும் நெட் போய்விடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்ப வரும்.

தங்கை பாலிடெக்னிக் கடைசி வருடம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நேரம் என்பதால் அப்பா உடனே பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்காரரை அழைத்து வந்தார். “வைரஸ்தான் சார், ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்” என்றார் அவர். சி டிரைவை அழித்து, தன்னிடம் இருந்த சர்வீஸ் பேக் 2 சிடியிலிருந்து எக்ஸ்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரியே பழைய தொல்லை திரும்பிவிட்டது. அப்பாவிடம், “இந்தத் தடவை நானே பாத்துக்கறேம்ப்பா” என்றேன்.

அறிகுறிகளை வைத்துத் தேடியதில் இது கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் கெட்ட நிரல் என்று தெரிந்தது. டவுனடப், கிடோ என்றும் இதற்குப் பெயர் உண்டு. கோப்புகளையும் பிரிண்டரையும் மற்றக் கணினிகளோடு பகிர உதவும் ‘சர்வர்’ சர்வீஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக இது நுழைகிறது. நாம் எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபர் 23 அன்றே, வழக்கமான மாதாந்திர அப்டேட்டுக்குக் காத்திராமல் அவசரமாக வெளியிட்டுவிட்டது. எம்எஸ்08-067 என்பது அதன் எண். புழு பரவத் தொடங்கியது நவம்பரில்தான். அந்த வருடக் கடைசியில் வந்த இரண்டாவது வகை, பென் டிரைவில் ஏறிப் போகவும், ‘123’, ‘அட்மின்’ போன்ற எளிய பாஸ்வேர்டுகளை ஊகித்து நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த கணினிக்குத் தாவவும் கற்றுக்கொண்டு வந்தது. இதை உருவாக்கியவர்களைப் பிடிக்கத் துப்புக் கொடுப்பவருக்கு 2,50,000 டாலர் தருவதாக 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது.

இப்போது அந்த ஃபார்மட்டை நினைத்துப் பாருங்கள். சர்வீஸ் பேக் 2 வந்தது 2004-இல். அந்த சிடியில் 2008-இன் பேட்ச் எப்படி இருக்கும்? வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதவை விரியத் திறந்து வைத்த மாதிரிதான். போதாததற்கு எங்கள் பிராட்பேண்ட் மோடம் பிரிட்ஜ் மோடில் இருந்தது. கணினியில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து டயல் செய்கிற முறை. அப்படிச் செய்யும்போது கணினி நேரடியாக இணையத்தில் நிற்கிறது, நடுவில் தடுக்க ரவுட்டர் இல்லை.

தங்கையின் பென் டிரைவையும் பார்த்தேன். டிரைவைச் சொருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் வசதிக்கு ஆட்டோரன் என்று பெயர். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொருகினால் அது ஓடாது. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னால், அந்த செட்டிங் தானாகப் பழைய நிலைக்கே போய்விட்டது. இதுவும் புழுவின் வேலை. அதனால் கமாண்ட் ப்ராம்ப்டில் போய்ப் பார்த்தேன். ‘ரீசைக்ளர்’ என்று ஒரு ஃபோல்டர், பக்கத்தில் ஒரு ‘ஆட்டோரன்.ஐஎன்எஃப்’. பென் டிரைவுக்கு ரீசைக்கிள் பின் கிடையாது, அதில் ரீசைக்ளர் இருந்தாலே சந்தேகப்படலாம். ஆட்டோரன் கோப்பை நோட்பேடில் திறந்தால் பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத குறிகள். அவற்றுக்கு நடுவே ஒளிந்திருந்தது ‘ரன்டிஎல்எல்32’ என்று வரும் ஒரே ஒரு கட்டளை. இன்னொரு வரியில் ‘ஓப்பன் ஃபோல்டர் டு வியூ ஃபைல்ஸ்’ என்ற வாசகம். பென் டிரைவைச் சொருகியதும் வரும் பெட்டியில் மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது இதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதைக் கிளிக் செய்கிறவர் புழுவைத் தன் கையாலேயே ஓடவிடுகிறார். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும் எந்த மாணவருக்கும் இது தெரிய வழியில்லை. இந்தத் தந்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தேவையானவற்றை அலுவலகத்தில் டவுன்லோட் செய்து சிடியில் எழுதிக்கொண்டேன். பென் டிரைவில் கொண்டுவந்தால் சொருகிய நொடியே அதுவும் தொற்றிக்கொள்ளும். எழுதி முடித்த சிடியில் புழுவால் எதையும் எழுத முடியாது. சிடியில் இருந்தவை மூன்று: ஓட்டையை அடைக்கும் கேபி958644 பேட்ச், புழுவை நீக்கும் மைக்ரோசாஃப்டின் மலிஷியஸ் சாஃப்ட்வேர் ரிமூவல் டூல், ஆட்டோரனைச் சரிசெய்யும் கேபி967715. மூன்றுமே இலவசம்தான்.

வரிசை முக்கியம். முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு பேட்ச், ரீஸ்டார்ட். அதன் பிறகுதான் ரிமூவல் டூல், அதுவும் ‘ஃபுல் ஸ்கேன்’. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ‘வின்32/கான்ஃபிக்கர்.பி’ கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டதாகத் திரையில் இருந்தது. மார்ச்சில் பரவிய புதிய வகை இந்த மாதிரி டூல்களைப் பெயர் பார்த்தே மூடிவிடும், சேஃப் மோடையும் முடக்கிவிடும். அது வந்திருந்தால் கோப்பின் பெயரை மாற்றி ஓட்ட வேண்டியிருந்திருக்கும்.

புழு போனாலும் அது கெடுத்து வைத்தது தானாகச் சரியாகாது. சர்வீசஸ் பட்டியலில் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ், பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர், செக்யூரிட்டி சென்டர், எர்ரர் ரிப்போர்ட்டிங் எல்லாம் முடக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடவிட்டேன். விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், மறைந்த கோப்புகளுக்கான மதிப்பை 0-விலிருந்து 1-க்கு மாற்றினேன். கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பழைய ரீஸ்டோர் பாயின்ட் எல்லாவற்றையும் அது அழித்திருந்ததால் புதிதாக ஒன்று உருவாக்கினேன்.

அப்புறம்தான் ஆட்டோரன். எக்ஸ்பியில் அதை அணைத்தாலும் அது முழுதாக அணையாது. மை கம்ப்யூட்டரில் டிரைவை டபுள் கிளிக் செய்தால் ஆட்டோரன் கோப்பு ஓடிவிடும். கேபி967715 போட்ட பிறகுதான் அந்த செட்டிங்குக்கு உண்மையான பலன் வரும். அதைப் போட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரியில் எல்லா வகை டிரைவுக்கும் ஆட்டோரனை நிறுத்தினேன்.

வீட்டில் இருந்த பென் டிரைவ்கள், கேமராவின் மெமரி கார்டு, அப்பாவின் போன் கார்டு எல்லாவற்றையும் அடுத்து எடுத்தேன். ரீசைக்ளரையும் ஆட்டோரன் கோப்பையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் ‘ஆட்டோரன்.ஐஎன்எஃப்’ என்ற பெயரிலேயே ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கினேன். ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபோல்டரும் கோப்பும் இருக்க முடியாது. அதனால் புழுவால் தன் கோப்பை அங்கே எழுத முடியாது. எளிய வேலைதான், நன்றாகவே உதவியது. மோடத்தை ரவுட்டர் மோடுக்கு மாற்றி, விண்டோஸ் ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங் அனுமதியை எடுத்துவிட்ட பிறகே கேபிளைத் திரும்பச் சொருகினேன். மைக்ரோசாஃப்ட் தளம் திறந்தது. பாக்கி அப்டேட்கள் வரிசையாக இறங்கின.

ஏப்ரல் 1 அன்று இணையமே நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அன்று முதல் புதிய வகை தினமும் 50,000 இணைய முகவரிகளை உருவாக்கி, அவற்றில் 500-ஐ மட்டும் தொட்டுப் பார்த்துத் தனக்கான கட்டளை இருக்கிறதா என்று தேடத் தொடங்கியது உண்மை. ஆனால் பயந்த மாதிரி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தச் சமயத்தில், இந்தப் புழுவை எதிர்க்கப் பல நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கான்ஃபிக்கர் ஒர்க்கிங் குரூப் ஒரு சோதனைப் பக்கம் வைத்திருந்தது. மேல் வரிசையில் பாதுகாப்பு நிறுவனங்களின் படங்கள், கீழ் வரிசையில் லினக்ஸ் போன்றவற்றின் படங்கள். பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களைப் புழு திறக்க விடாது என்பதால், மேல் வரிசை மட்டும் காலியாக இருந்தால் புழு இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் கணினியில் ஆறு படமும் தெரிந்தன.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கத் தங்கை ஜெராக்ஸ் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். திரும்பி வந்த பென் டிரைவில் மறுபடியும் ரீசைக்ளர் ஃபோல்டர் இருந்தது. ஆனால் ஆட்டோரன் கோப்பு இல்லை, நான் வைத்த காலி ஃபோல்டர் அப்படியே இருந்தது. ரீசைக்ளரை நீக்க இப்போது தங்கைக்கே தெரியும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அந்த சிடியின் ஒரு பிரதியைக் கொடுத்து, எதை எந்த வரிசையில் போட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.