வாஷரி சேத்துலேர்ந்து தண்ணிய மீட்கறது

2024 கோடையில பெங்களூர்ல, பீன்யா பக்கம் எங்க தெருவுக்கு லாரித் தண்ணி வர ராத்திரி ஆயிடும், குடத்தோட நின்னு நின்னு தண்ணின்னாலே ஒரு பதைப்பு. அந்த சமயத்துலதான் தன்பாத் பக்கம் ஒரு நிலக்கரி வாஷரியோட (வெட்டின கரிய தண்ணில கழுவி கல்லு மண்ண பிரிக்கற பிளான்ட்) கழிவுச் சேறு கேன்ல எங்க ஃபில்டர் பிரஸ் (சேத்த துணி வழியா அழுத்திப் பிழியற மெஷின்) கம்பெனிக்கு வந்துச்சு. மை மாதிரி கறுப்பு. லிட்டர் ஜார்ல ஊத்தி வெச்சா மறுநாள் காலைலயும் ஒரு விரக்கடை தெளியல. கரித்தூளோட களிமண்ணும் இருக்கே, எல்லாத் துகளுக்கும் நெகட்டிவ் சார்ஜ், ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருந்தா எப்படி அடியில தங்கும்?

அதுக்குத்தான் ஃப்ளாக்குலன்ட், துகள்கள ஒண்ணா சேத்துத் திரட்டற நீள மாலிக்யூல் கெமிக்கல். எங்க லேப்ல சேலத்து அண்ணன் ஒருத்தர் சிரிஞ்சுல கொஞ்சம் விட்டு ஜார மெதுவா நாலு தடவை கவுத்து நிமித்தினாரு, திரிஞ்ச பால் மாதிரி திரண்டு கண் முன்னாடியே இறங்குச்சு, மேல நின்ன தண்ணி வழியா செவுத்துக் காலண்டர் தேதிய படிச்சேன்.

திக்கனர், அதாவது சேறு அடியில தங்கிக் கெட்டியாகற பெரிய தொட்டி, அது அடியில வர்ற சேறு 100 டன்னுல 30 டன் திடப்பொருள்னு வைங்க, மிச்சம் 70 தண்ணி. பிரஸ்ல 25% ஈரத்துக்குப் பிழிஞ்சா கேக், அதாவது மிஞ்சற கட்டி, 40 டன், அதுல தண்ணி 10 டன்தான், 60 டன் அன்னிக்கே பிளான்ட்டுக்குத் திரும்பிடுது. குளம் வெட்டி விட்டா பாதி ஆவியாவும், மண்ணுல இறங்கும், சேத்துக்குள்ளயே மாட்டிக்கும், கரையும் உடையலாம். 1972ல அமெரிக்காவுல பஃபலோ கிரீக்ல இந்த மாதிரி நிலக்கரிக் கழிவு அணை உடைஞ்சு 125 பேர் செத்தாங்க. பிரஸ் விலைய மட்டும் பாத்துட்டு குளமே போதும்ங்கறவங்க மேல எனக்கு நெஜமாவே கோவம் வருது.

மெஷின் போட்டா மட்டும் ஆச்சா? அந்த தன்பாத் வாஷரிக்கு நேர்ல போனப்போ பிரஸ் திறந்தா பிளேட்டுக்கு நடுவுல இன்னும் கூழ், துணியத் தொட்டா வழவழன்னு. ஃப்ளாக்குலன்ட் கரைக்கற டேங்க்ல எட்டிப் பாத்தேன், பவுடர பக்கெட்டோட கொட்டியிருக்காங்க, வெந்தும் வேகாத ஜவ்வரிசி மாதிரி கட்டி மிதக்குது, அதான் துணிய அடைச்சிருக்கு. கொஞ்சங்கொஞ்சமா தூவி, மெதுவா கலக்கி, நல்லா ஊற விடணும், வேகமா சுத்தினா அந்த நீள மாலிக்யூல் அறுந்து பிரயோஜனமே இல்லாம போயிடும். துணிய கழுவி, புதுசா கரைச்சு, சாயங்காலம் மறுபடி ஓட்டினோம். பிளேட்ட விலக்கினதும் கேக் தொப்னு விழுந்துச்சு, ஒடச்சுப் பாத்தா உள்ள வரைக்கும் கெட்டி. திரும்பின தண்ணி கலங்கலா இருந்தா கரியில ஒட்டின மேக்னடைட்ட (கரியையும் கல்லையும் பிரிக்க தண்ணில கலக்கற இரும்புத்தாதுத் தூள்) கழுவற ஸ்பிரே அடைச்சுக்கும், அதனால போய் அதையும் பாத்தேன், ஒரு நாசில் கூட அடைக்கல.