புளியிலையை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது?

1976இல் நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம் எங்களுக்குத் தாவரவியல் படிப்பித்த ரீச்சர், ஊரில் நிற்கிற மரங்களின் இலைகளைக் காயவைத்து ஆளுக்கொரு கொப்பியில் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார். கொப்பியின் முன்பாதி ‘இந்த மண்ணின் மரம்’, பின்பாதி ‘வந்த மரம்’. இலைக்குக் கீழே ஊர்ப்பெயர், பிடுங்கின இடம், அது எதற்கு உதவும் என்று மூன்று வரி. பழைய ஈழநாடு பேப்பருக்குள் இலைகளை அடுக்கி, அப்பாவின் றங்குப்பெட்டியை மேலே தூக்கி வைத்தேன். பனையோலையை மட்டும் நறுக்காக வெட்டி ஒட்டினோம்.

முதலில் வேலிக்குத்தான் போனோம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போது முன்பக்கம் மட்டுமே மதில். மற்ற மூன்று பக்கமும் கதியால் வேலி, அதாவது மரத்தடிகளை வெட்டி ஊன்றித் தளிர்க்கவிட்ட உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு மூன்றும் மாறி மாறி நின்றன. கிளுவையின் பச்சைத் தண்டில் பட்டை தாள் தாளாய் உரியும், முறித்தால் பிசின் வாசம் வரும். பூவரசம்பூ காலையில் மஞ்சளாய் விரிந்து, வாடும்போது சிவந்துவிடும். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாதவர் எங்கள் வகுப்பில் இல்லை. பூவரசங்குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தால்தான் புகையிலை செழிக்கும் என்பார் அப்பா. முள்முருக்குக்கு நான் எழுதிய மூன்று வரியில் ஒன்று, கலியாண வீட்டில் கன்னிக்காலாய் ஊன்றுவார்கள் என்பது. ரீச்சர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு ‘நல்லது’ என்று எழுதினார். இன்றைக்கும் அந்தச் சிவப்பு மை கண்ணுக்குள் நிற்கிறது.

நான் பிழைவிட்டது சீமைக்கிளுவையில். பெயரில் கிளுவை இருந்ததால் முன்பாதியில் ஒட்டிவிட்டேன். அது மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். குடும்பத்தால் அவரையினம், கிளுவைக்கு ஒரு உறவும் இல்லை. கிளிரிசிடியா என்ற அதன் தாவரவியற் பெயருக்கே ‘எலிகொல்லி’ என்றுதான் பொருள். “பெயருக்கு முன்னால சீமை நிண்டால் கொஞ்சம் யோசிக்க வேணும் பிள்ளை” என்றார் ரீச்சர். பின்னாளில் இலங்கையில் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அதையே அறிவித்தார்கள். இலை நல்ல பசளை, தடி நல்ல விறகு. அந்த மரத்தில் எனக்குக் கோபமில்லை.

கோபம் வந்தது புளியில்தான். புளியிலையைப் பின்பாதியில் ஒட்டச் சொன்னதும் வகுப்பே எழும்பிவிட்டது. “எங்கட வளவுப் புளி அப்புவின்ர அப்பு காலத்தது ரீச்சர், அது எப்பிடி வந்த மரம்?” என்று கேட்டான் பின்வாங்கில் இருந்தவன். ரீச்சர் சிரித்தார். “அப்பு காலத்துக்கு முதலும் காலம் இருக்குத் தம்பி.” புளியின் பிறந்தகம் ஆபிரிக்கா என்றும், அரபிகள் அதைக் கண்டு ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள் என்றும், அதிலிருந்தே அதன் இலத்தீன் பெயர் வந்ததென்றும் சொன்னார். புளியங்கூடல் என்று ஒரு ஊரே இருக்கிறதே, சங்கப் பாட்டிலும் புளி வருகிறதே என்று நாங்கள் விடவில்லை. நான் முன்பாதியிலேயே ஒட்டினேன். ‘திரும்ப யோசி’ என்று எழுதித் தந்தார். நான் மாற்றவில்லை.

பிறகு வாசித்து அறிந்தேன், ரீச்சர் சொன்னது சரி. ஆனால் கங்கைச் சமவெளி அகழ்வில் 3000 ஆண்டுக்கு மேற்பட்ட புளிமரக் கரி கிடைத்திருக்கிறது. இவ்வளவு காலம் நின்ற மரத்தைப் பின்பாதிக்குத் தள்ள எனக்கு இன்னும் மனம் வராது.

அந்தக் கொப்பி பழக்கிவிட்ட கண்ணால்தான் இன்றும் ஊர்ப்பெயர்களைப் பார்க்கிறேன். நெல்லியடி, தாளையடி, நாவற்குழி, மருதங்கேணி என்று மரங்களே ஊராகி நிற்கின்றன. யாழ்ப்பாணப் பட்டினத்துக் கொய்யாத்தோட்டமோ அமெரிக்காவிலிருந்து வந்த மரத்தின் பெயரைச் சுமக்கிறது. மன்னார் பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரமும் ஆபிரிக்காவின் பிள்ளை. அதன் அடியைச் சுற்றிப் பிடிக்க ஒரு வகுப்புப் பிள்ளைகள் கைகோக்க வேணும்.

காரைநகருக்குச் சுற்றுலா போனபோது கசூரினாக் கடற்கரையில் எல்லாரும் கடலுக்குள் இறங்க, ரீச்சர் எங்கள் நாலு பேரைச் சவுக்குமர நிழலில் இருத்திவைத்தார். ஊசி போலத் தொங்குவது இலையென்று நினைத்திருந்தோம். அதைக் கணுக்கணுவாய்க் கழற்றி, ஒவ்வொரு கணுவிலும் பல்லுப்போல நிற்கும் செதில்கள்தான் இலை, மற்றதெல்லாம் கொப்பு என்று காட்டினார். வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால்தான் வெறும் மணலில் அது நிற்கிறது என்றும் சொன்னார். நாங்கள் கணுக்களைக் கழற்றிக் கழற்றித் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தோம். அன்று நான் கடலில் கால் நனைக்கவே இல்லை.

1987 வைகாசியில் வடமராட்சியில் சண்டை தொடங்கி நாங்கள் வீட்டைவிட்டு ஓடியபோது கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. பங்கருக்காகத் தறித்த பனைகளின் அடிக்கட்டைகள் வளவெங்கும் நின்றன.

போன வருடம் ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு பக்கமும் மதில். அதில் எங்கள் காசும் இருக்கிறது என்று நினைக்க நெஞ்சு கனத்தது. வேலி நின்ற கரையில் ஒரு பூவரசுகூட இல்லை. வாசலில் அழகுக்கென்று வைத்த, பெயர் தெரியாத கன்றுகள் சில நின்றன.

வருகிற கார்த்திகையில் மரநடுகைக்கு எங்கள் பழைய மாணவர் சங்கம் காசு அனுப்பப்போவதாக அறிகிறேன். பட்டியலில் இலுப்பையைச் சேருங்கள். அதன் விதையை எடுத்த கையோடு ஊன்ற வேணும், நாட்பட்டால் முளைக்காது. ஆகவே பழம் விழுகிற காலத்திலேயே யாராவது பொறுக்கிப் பையில் போட்டு வளர்க்கத் தொடங்கவேணும். மதிலுக்கு உள்ளே ஒரு வரிசையாவது பூவரசும் கிளுவையும் நிற்கட்டும். அவற்றுக்குக் காசே தேவையில்லை. மழை தொடங்கக் கதியால் வெட்டி ஊன்றினால் போதும். எந்த வீட்டு வேலியில் இன்னும் நல்ல கிளுவை நிற்கிறதென்று தெரிந்தவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். வெட்டித் தருவார்களா என்று நானே கேட்டுப் பார்க்கிறேன்.