கசிகிறது என்று ஓட்டத்தை நிறுத்தினேன், அது தப்பு

எனக்கு 47 வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம், இளையவன் பிறக்கும்போது 3.9 கிலோ. கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஓடினால், குதித்தால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசியும். இப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் வீட்டிலோ ஸ்டாஃப் ரூமிலோ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ரேஸ்கோர்ஸில் காலையில் ஓட ஆரம்பித்தேன். அங்கே ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். முதல் சுற்றில் ஒன்றும் ஆகாது. இரண்டாவது சுற்றில் மூன்று கிலோமீட்டர் தாண்டும்போது லேசாக ஈரம் தெரியும், வேர்வை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். ஒருநாள் சாம்பல் நிற பேண்ட் போட்டிருந்தேன். ஓடி முடித்து எல்லோரும் கைகால் நீட்டிக்கொண்டு நிற்கும்போது கூட ஓடுகிற ஒரு அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்து, தன்னுடைய துண்டை என் இடுப்பில் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். மறுநாளிலிருந்து போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

அப்படியே இரண்டு வருஷம் போனது. எடை 6 கிலோ ஏறியது, சர்க்கரை அளவு எல்லையைத் தொட்டது. ஓடாமல் இருந்தால் கசிவு நின்றுவிடும் என்று நினைத்தேன், ஆனால் வயிற்றில் எடை கூடக்கூட சிறுநீர்ப்பையின் மேல் அழுத்தமும் கூடும் என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் பள்ளியில் மூன்றாவது மாடிக்குப் படி ஏறும்போதே கசிய ஆரம்பித்தது. ஒரு டாக்டரிடம் போனேன். "ரெண்டு டெலிவரி ஆச்சு இல்லையா, இதெல்லாம் சகஜம், ஓடறதெல்லாம் வேண்டாம், நடந்தா போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சகஜம் என்றால் நிறையப் பேருக்கு இருக்கிறது என்று அர்த்தம், வைத்தியம் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, அதற்காக இன்னும் ஆறு மாசம் வீணானது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், கிருமித்தொற்று இருந்தாலும் இப்படி ஆகுமாம். அது இல்லை என்று தெரிந்ததும் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்: எப்போது என்ன குடித்தேன், எப்போது போனேன், அளவுக்குவளையில் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்குக் கசிவதெல்லாம் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் நேரத்தில் மட்டும்தான். இடுப்பெலும்புக்கு அடியில் ஒரு தூளி மாதிரி தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் அதுதான் கீழிருந்து தாங்குகிறது. பிரசவத்தில் அது தளர்ந்துபோனால், தும்மும்போது மேலிருந்து வருகிற அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து மூத்திரக்குழாயை மூட முடிவதில்லை. இது அழுத்தத்தால் கசிகிற வகை. திடீரென்று அடக்க முடியாமல் வருகிற அவசர வகை வேறு, அதை அம்மா கதையில் சொல்கிறேன். இரண்டும் கலந்து வருகிறவர்களும் உண்டு.

சரி, அந்தத் தசைக்குப் பயிற்சி என்று சொன்னதும் "அதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன் டாக்டர்" என்றேன். கெகல் பயிற்சி என்று யூடியூபில் பார்த்து ஒரு மாசம் செய்திருந்தேன், ஒரு பயனும் இல்லை. (1948-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகலின் பெயர்தான் அது.) டாக்டர் என்னைப் பெண்களுக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். என்னைவிட இருபது வயது சின்னப் பெண். என்னிடம் கேட்டு, நான் சரி என்ற பிறகு கையுறை போட்டு உள்ளே பரிசோதித்துவிட்டு, "மேடம், நீங்க இறுக்கலை, முக்கறீங்க" என்றார்.

இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு மாசம் முழுக்க நான் அந்தத் தசையைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன், மலச்சிக்கலில் முக்குவதுபோல. செய்ய வேண்டியது நேர் எதிர். கூட்டத்தில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அங்கே தொடங்கி அப்படியே முன்பக்கம் சிறுநீரை அடக்குவது வரைக்கும் இறுக்கி, உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். புட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. எனக்கு மூச்சுதான் வரவே மாட்டேன் என்றது, இறுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை நிறுத்திவிடுவேன். ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொன்னார், எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. எட்டு முறை இறுக்கி விட்டால் ஒரு செட், நாளைக்கு மூன்று செட், குறைந்தது மூன்று மாசம். விடுவதும் பயிற்சிதான், முழுசாகத் தளர்ந்த பிறகுதான் அடுத்தது. முதலில் படுத்துக்கொண்டு, அப்புறம் உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டு. ஒன்றுக்கு இருக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது பயிற்சி என்று சிலர் சொல்வார்கள், தினமும் அப்படிச் செய்யக் கூடாது, சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தங்கிவிடும்.

ஆறு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று இருந்தேன். பத்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். நெடி ஏறி ஏழெட்டுத் தும்மல், இருமல், கண்ணிலெல்லாம் தண்ணீர். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபோதுதான் உறைத்தது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, தும்முவதற்கு ஒரு நொடி முன்பு இறுக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அது தன்னால் வந்திருக்கிறது. கனமான குடத்தைத் தூக்கும்போதும் இதே மாதிரிதான்.

அதற்குப் பிறகுதான் மறுபடி ரேஸ்கோர்ஸ். இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று ஆரம்பித்து நாலு மாசத்தில் 5 கிலோமீட்டருக்கு வந்தேன். முழுசாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. கயிறு தாண்டுவது இன்னும் முடியவில்லை, களைத்துப்போன கடைசி அரை கிலோமீட்டரில் சில நாள் லேசாகக் கசியும். அதற்கு ஓட்டத்தை நிறுத்தாமல் வேறு வழி பார்த்துக்கொண்டேன். கறுப்பு பேண்ட், மேலே தொடை வரைக்கும் குர்தா. முன்பு மாதவிடாய் நாப்கின் வைத்துக்கொண்டு ஓடுவேன், சிறுநீர் வேகமாக வரும், அது அவ்வளவு வேகமாக உறிஞ்சாது, ஈரம் தங்கித் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். சிறுநீர்க் கசிவுக்கென்றே மெல்லிய பேடு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. கேட்க வெட்கமாக இருந்தால் ஆன்லைனில் வாங்கலாம், நான் முதல் ஆறு மாசம் அப்படித்தான் வாங்கினேன். ஓடி முடித்ததும் உடனே மாற்றிவிடுவேன், அதற்கு ஒரு செட் துணி ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த தப்பை நிறைய டீச்சர்கள் செய்கிறார்கள். பீரியடுக்கு நடுவில் போக நேரம் இருக்காது என்று சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டோம். சிறுநீர் அடர்த்தியானால் பை எரிச்சலாகி அடிக்கடி போகச் சொல்லும், கூடவே மலச்சிக்கலும் வரும், முக்கி முக்கி அந்தத் தசை இன்னும் தளரும். இப்போது நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்கிறேன். காப்பிதான் கஷ்டமாக இருந்தது, நாலு டம்ளரை இரண்டாக்கினேன், ஓடப்போகும் முன் குடிப்பதே இல்லை.

இதற்குமேலும் சரியாகாதவர்களுக்கு உள்ளே வைத்துக்கொள்கிற பெசரி வளையமும் அறுவை சிகிச்சையும் உண்டு, எனக்கு அது வரைக்கும் போக வேண்டி வரவில்லை. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று காலோ தொடை இடுக்கோ மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது இப்படி ஏதாவது என்றால் பயிற்சியெல்லாம் அப்புறம், உடனே டாக்டரிடம் போங்கள். ஆண்களும் இதைப் படித்தால் நல்லது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு பலருக்குக் கசிவு வரும், அவர்களுக்கும் இதே தசை, இதே பயிற்சிதான்.

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. நான் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடி எண்ணுவதைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "கண்ணு, உனக்குமா?" என்றார்கள். பதினைந்து வருஷமாக அவர்களுக்கு இருக்கிறதாம். வாசலில் சாவி போடும்போதே முட்டிக்கொண்டு வரும், உள்ளே போவதற்குள் நனைந்துவிடும். அவசர வகை என்று சொன்னேனே, அதுதான். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அம்மா "தலை சுத்துது, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்வதை வயசாகிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அம்மாவுக்கு வைத்தியம் கொஞ்சம் வேறு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம், இல்லையென்றால் அதுவே அடிக்கடி போகவைக்கும். எதற்கும் போய்விடுவோம் என்று முக்கால் மணிக்கு ஒரு தடவை போகிற பழக்கத்தை மாற்றி, உந்துதல் வரும்போது உட்கார்ந்து நாலைந்து தடவை வேகமாக இறுக்கி, ஐந்து நிமிஷம் தள்ளிப்போடுவது, பிறகு பத்து, பிறகு பதினைந்து என்று நீட்டிக்கொண்டே போனோம். இரண்டு மாசத்தில் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. முந்தாநாள் உடுமலையில் சித்தி பேத்தி கல்யாணத்துக்கு உக்கடத்தில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பொள்ளாச்சி வருவதற்குள் அம்மா தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்திருந்தார்கள்.