கார்ல பி2015 எரர் கோடு வந்தா உடனே மேனிஃபோல்ட மாத்திடாதீங்க

போன மாசம் மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் ஏத்தத்துல போயிட்டிருக்கேன், திடீர்னு செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது, வண்டி 3000 ஆர்பிஎம் தாண்டவே மாட்டேங்குது, பின்னாடி ஒரு பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது, வண்டில அம்மா வேற. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் பவர் வந்துடுச்சு, ஆனா லைட் அணையல. 2 லிட்டர் டீசல், 1,30,000 கிலோமீட்டர் ஓடின வண்டி.

ஸ்கேனர் போட்டா பி2015. இன்டேக் மேனிஃபோல்ட் ரன்னர் பொசிஷன் சென்சார், ரேஞ்ச் பெர்ஃபார்மன்ஸ், அதாவது இன்ஜினுக்கு காத்து பிரிச்சு விடுற குழாய்த் தொகுதில (மேனிஃபோல்ட்) இருக்குற ஃபிளாப்போட இடத்தக் காட்டுற சென்சார் அளவு சரியில்லன்னு அர்த்தம். ஒர்க்‌ஷாப்ல காட்டினா "முழு மேனிஃபோல்டும் மாத்தணுங்க"ன்னு அரை லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டிட்டாங்க, ஒரு ஹோஸக்கூட கழட்டிப் பாக்கல. எனக்கு அதுதான் ஆத்திரம். எந்த பார்ட் போச்சுன்னு கோடு சொல்றதில்லைங்க, இசியு (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) கேட்ட இடமும் சென்சார் காட்டுற இடமும் ஒத்துவரலன்னு மட்டும்தான் சொல்லுது, ஏன்னு நாமதான் தேடணும்.

இந்த இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் காத்து போக ரெண்டு வழி. மெதுவா ஓடும்போது ஒரு வழிய ஃபிளாப்ங்கற சின்ன கதவு மூடிடும், மீதி வழியில காத்து சுழண்டு உள்ள போறதால டீசல் நல்லா கலக்கும், புகை கம்மி. வேகம் கூடினா ஃபிளாப் திறந்து ரெண்டு வழியும் வேலை செய்யும். எல்லா ஃபிளாப்பையும் ஒரே ராடு திருப்புது, அந்த ராட ஒரு வேக்கம் ஆக்சுவேட்டர் (காத்த உறிஞ்சினா இழுக்குற சின்ன டப்பா) இழுக்குது, கடைசில சென்சார் உக்காந்திருக்கு. அப்ப தப்பு வயரிங்ல இருக்கலாம், வேக்கம்ல இருக்கலாம், இல்ல ராடுலயே இருக்கலாம்.

எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். முதல்ல சென்சார் கனெக்டர கழட்டி மல்டிமீட்டர் வெச்சாரு, 5 வோல்ட் சரியா வருது, எர்த்தும் நல்லா இருக்கு. அடுத்து ஆக்சுவேட்டர்ல கை வேக்கம் பம்ப் மாட்டி இழுத்தோம், பம்ப் மீட்டர் முள்ளு ஒரு நிமிஷம் அசையாம நின்னுச்சு, அப்ப உள்ள இருக்குற ரப்பர் டயஃப்ரம் கிழியல. அப்புறம் அந்த ராட விரலால புடிச்சு ஆட்டிட்டு "தம்பி, இங்க கை வெச்சுப் பாருங்க"ன்னாரு. லொட லொடன்னு ஆடுது! ராடு முனையில இருக்குற பந்து உக்கார்ற பிளாஸ்டிக் கிண்ணம் முட்டை மாதிரி நீளமா தேஞ்சு போயிருக்கு, அதனால ஃபிளாப் போகவேண்டிய எல்லைக்கு மேல போகுது, சென்சார் இருக்குறத இருக்குறபடி உண்மையத்தான் சொல்லிட்டிருக்கு.

கிண்ணம் ஏன் தேஞ்சதுன்னு மேனிஃபோல்ட இறக்கினதும் தெரிஞ்சுது. ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற அமைப்பு) வழியா வர்ற கரியும் பிரீதர்ல (இன்ஜின் உள் ஆவி வெளிய வர்ற குழாய்) வர்ற ஆயில் ஆவியும் சேந்து உள்ள தார் மாதிரி அப்பியிருக்கு, பாதி துவாரமே இல்ல. அதத் தள்ளிக்கிட்டுதான் ராடு தினமும் ஃபிளாப்பத் திருப்பியிருக்கு. நான் பெரும்பாலும் சிட்டிக்குள்ள சின்ன சின்ன தூரம்தான் ஓட்டுவேன், கரி சேர அதுவே போதும்.

மேனிஃபோல்ட கழட்டினதும் இன்ஜின் ஹெட் பக்கம் திறந்திருக்குற துவாரங்கள்ல துணி அடைச்சுட்டு வேலை பண்ணுங்க, ஒரு கரித்துண்டு உள்ள விழுந்தா வால்வுல மாட்டிக்கும், இதுல மட்டும் அவசரமே வேண்டாம். மேனிஃபோல்ட டீசல்ல ராத்திரி பூரா ஊறப்போட்டு பிரஷ், மரக்குச்சின்னு சுரண்டி எடுத்தோம், ஃபிளாப் பிளாஸ்டிக்கா இருக்குறதால ஸ்குரூடிரைவர் தொடவே விடல அண்ணன். ராடு தனியா கெடச்சுது, கூடவே எல்லைக்கு மேல போகாம தடுக்குற ஒரு சின்ன அலுமினிய பிராக்கெட், புது கேஸ்கெட். மாட்டினப்புறம் ஸ்கேனர்ல அடாப்டேஷன் கட்டாயம் பண்ணணும், அப்பதான் ஃபிளாப் திறக்குற, மூடுற ரெண்டு எல்லையையும் இசியு புதுசா கத்துக்கும், இத விட்டுட்டு கோட மட்டும் அழிச்சா திரும்பவும் வரும்.

லேபரோட சேத்து எஸ்டிமேட்ல ஆறுல ஒரு பங்குகூட ஆகல. நேத்து அம்மாவ கூட்டிக்கிட்டு அதே ஏத்தம் ஏறினேன், லைட் வரல, ஸ்கேனர் லைவ் டேட்டாவுல இசியு கேட்டதும் சென்சார் காட்டுறதும் கூடவே நகருது. வேக்கம் ஹோஸ் மட்டும் வெறைச்சுப் போயிருக்கு, அத அடுத்த சர்வீஸ்ல மாத்தணும்.