களைப்புக்கு ஒரு ரிப்போர்ட் தேடிக் கொழும்பு போய் வந்த கதை

"ஓம் மிஸ், அந்த டெஸ்ட் நாங்க செய்யிறம், வெறும் வயிற்றோட வாங்கோ." கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ஃபோன் எடுத்த பிள்ளை சொன்ன இந்த ஒரு வரியை நம்பித்தான் இரவு ரயில் ஏறினேன். 'அந்த டெஸ்ட்' என்று நான் கேட்டது, எம்ஈ/சிஎஃப்எஸ் என்கிற நாட்பட்ட களைப்பு நோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையை. போய்ப் பார்த்தால் அவர்கள் வைத்திருந்தது விற்றமின் டி, பி12, கோட்டிசோல், ஒரு வைரஸ் அன்டிபொடி எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு 'களைப்புப் பக்கேஜ்'. எப்ஸ்டீன் பார் என்ற அந்த வைரஸ் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எப்போதோ வந்து போயிருக்கும்; அன்டிபொடி இருந்தால் அதற்கு மேல் ஒரு பொருளும் இல்லை. இது தெரியுமுன் காசு கட்டிவிட்டேன். திரும்பி வந்து ஒன்பது நாள் கட்டில்.

டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிப் பதினொரு மாதம். பிளேட்லட் ஏறிவிட்டது, நான்தான் எழும்பவில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்ட முன் படுக்கவேண்டும். திருகோணமலையில் எங்கள் உவர்மலை ஏற்றத்தை ஒருநாள் நடந்து ஏறினால் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விழுத்தும். அம்மா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டா. அத்தான் மட்டும், "வீட்டில சும்மா இருந்தா ஆருக்கும் களைக்கும்தானே" என்றார்.

இங்கே கிளினிக்கில் எடுத்தவை: முழு இரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கா என்று பார்ப்பது), தைரொயிட், சீனி, பெரிட்டின் (இரும்புச்சத்து), ஈரல், சிறுநீரகம். எல்லாம் நோமல். அதைச் சொல்லக் கேட்பதற்கே மூன்று தரம் அலைந்தேன். டெங்குத் துண்டு கிளினிக் கொப்பியில் ஒட்டப்படவில்லையாம். பதிவேட்டு அறையில் கேட்டால் "அடுத்த கிழமை வாங்கோ". துண்டு வெட்டுகிற அன்றைக்கே ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வரிசையில் நிற்க வீட்டில் ஒருத்தரைக் கூட்டிப் போங்கள். நீங்கள் வாங்கில் இருங்கள்.

கொழும்புக்கு ஓட வைத்தது நான் அரைகுறையாக வாசித்த ஒரு செய்தி. 2019இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி ரொன் டேவிஸின் குழு (அவருடைய மகனுக்கும் இதே நோய்) இரத்த அணுக்களுக்கு உப்பால் நெருக்கடி கொடுத்து, மின்தடை மாறுவதை ஒரு சிப்பில் அளந்தது. நோயாளிகளின் மாதிரி தனியாகப் பிரிந்து வந்தது. நான் வாசிக்காமல் விட்டது இதை: நோயாளிகள் 20, சுகமானவர்கள் 20, அவ்வளவுதான். 2025 ஒக்டோபரில் இங்கிலாந்திலிருந்து இன்னொரு இரத்தப் பரிசோதனை ஆய்வு வந்தது. 47 கடும் நோயாளிகள், 61 சுகமானவர்கள்; நோயாளியைப் பிடித்தது 92 சதவீதம், சுகமானவரைச் சரியாக விட்டது 98 சதவீதம். கேட்க நல்லாயிருக்கு. ஆனால் படுக்கையில் கிடப்பவரையும் சுகமானவரையும் பிரிப்பது சூடை மீனையும் சுறாவையும் பிரிக்கிற வேலை. கிளினிக்கில் வேண்டியது சூடையையும் அதைப் போலவே இருக்கிற கீரி மீனையும் பிரிக்கிற கண்: தைரொயிட் களைப்பு, மனச்சோர்வுக் களைப்பு, இந்தக் களைப்பு. 2009இல் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு என்று சயன்ஸ் இதழில் வந்து, ஆய்வுகூட மாசு என்று தெரிந்து, 2011இல் அந்தக் கட்டுரையையே மீளப்பெற்றார்கள். அதை நம்பி எத்தனை பேர் காசைக் கொட்டினார்களோ. உலகம் ஏற்றுக்கொண்ட இரத்தப் பரிசோதனை இதற்கு இன்னும் இல்லை. ஆராவது "இருக்கு" என்றால், "அது எந்த நோயை உறுதிப்படுத்தும்?" என்று ஃபோனிலேயே கேளுங்கள்.

கடைசியில் வேலைக்கு உதவியது ஒரு பாடசாலைக் கொப்பி. ஆறு கிழமை எழுதினேன்: என்ன செய்தேன், எத்தனை மணித்தியாலம் கழித்து விழுந்தேன். திருகோணமலையிலேயே வேறொரு டொக்டரிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "படுங்கோ பிள்ளை" என்றார். படுத்திருக்க நாடி 74. எழும்பிச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார். பத்தாம் நிமிடம் 112; கால் ஊதா நிறம். எழும்பி நிற்கும்போது நாடி 30க்கு மேல் கூடினால் கவனிக்கவேண்டுமாம். "இதை வைச்சு மட்டும் சொல்லேலாது. ஆனா இந்தக் கொப்பியில இருக்கிறதோட சேர்த்தா சொல்லலாம்" என்று நோயின் பெயரை எழுதினார். கூடக்கூட நடந்து பழகு என்ற பழைய மருந்தையும் நிறுத்தினார். இங்கிலாந்தின் நைஸ் என்ற அமைப்பின் மருத்துவ வழிகாட்டி 2021இலேயே அதைக் கைவிட்டுவிட்டது. ரிக்சாவில் ஏறினதும் அழுதுவிட்டேன், சந்தோசத்தில்தான்.

அந்தக் கடிதத்தோடு லீவுக்குப் போட்டேன். கந்தோர் கிளார்க் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், இது டொக்டர் எழுதினது. ரிப்போர்ட் எங்க?"

74, 112 என்று எழுதிய தாளை நீட்டினேன். பின் குத்தி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.